லேவியும் சகேயுவும் பார்த்தது ஒரே வேலை

வாசகர் கேள்வி:

ஐயா, எனக்கு 37 வயது. டெல்டா பக்கம் ஒரு தாலுகா ஆபீஸில் சர்வேயராக இருக்கிறேன். பரம்பரை லுத்தரன் குடும்பம். நான் கைக்குழந்தையாக இருந்தபோது மூளைக்காய்ச்சல் வந்து, பிழைக்க மாட்டேன் என்று டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்களாம். ‘பிள்ளை பிழைத்தால் உமது ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன்’ என்று அம்மா பொருத்தனை பண்ணிவிட்டார்கள். பிழைத்தேன், படித்தேன். அப்பா திடீரென்று இறந்ததும் குடும்பத்துக்காகப் பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்துவிட்டேன். போன வருடம் ஒரு கன்வென்ஷனில், முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றபோது எழுந்து நின்றேன். ஆனால் வேலையை விடத் தைரியம் வரவில்லை. அப்புறம் பைக்கிலிருந்து விழுந்து கை முறிந்தது. அது தேவனுடைய எச்சரிப்பு என்று அந்தப் பிரசங்கியார் சொல்கிறார். அம்மா தினமும் அழுகிறார்கள்.

மனைவி ஸ்கூல் டீச்சர். ‘நான் சர்வேயருக்குத்தான் கழுத்தை நீட்டினேன்’ என்கிறாள். இரண்டு பிள்ளைகள், சின்னவனுக்கு ஒன்றரை வயது. மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றுதானே வேதம் சொல்கிறது? வி.ஆர்.எஸ். வாங்கும் அளவுக்கு எனக்கு சர்வீஸ் ஆகவில்லை, ராஜினாமாதான். கடிதம் எழுதி பேக்கில் வைத்திருக்கிறேன். ஆபீஸ் சூழ்நிலையும் உங்களுக்குத் தெரியும். எல்லாரும் வாங்குகிற இடத்தில் ஒருவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. அதுவும் ஒரு பாரமாக இருக்கிறது. ஊழியத்துக்கு வந்துவிட்டால் எல்லாம் தீரும் என்று நினைக்கிறேன். நீங்கள் வடக்கே மிஷனரியாக இருந்தவர். தேவன் எனக்கென்று குறித்த வேலை எது என்று சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

பதில்:

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதத்தில் பொருத்தனை வருகிறது, கன்வென்ஷன் வருகிறது, கை முறிந்தது வருகிறது. முடிக்கப் போகும் நேரத்தில், போகிற போக்கில், ஆபீஸில் ‘வாங்குகிற’ விஷயமும் வருகிறது. எனக்கென்னவோ மொத்தக் கடிதமும் அந்த இரண்டு மூன்று வரிக்காகத்தான் எழுதப்பட்டது போலத் தோன்றுகிறது. அதற்கு வருகிறேன். முதலில் அம்மாவின் பொருத்தனையைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அது இத்தனை வருடமாக உங்கள் கழுத்தில் கிடக்கிறது.

அம்மா மனதில் இருப்பது அன்னாள். சாமுவேலை ஆலயத்தில் கொண்டுபோய் விட்ட அந்தத் தாயை நினைத்துத்தான் நம் வீடுகளில் பாதிப் பொருத்தனைகள் நடக்கின்றன. ஆனால் அந்தக் கதையை முழுசாகப் படித்துப் பாருங்கள். அன்னாள் செய்தது கணவன் எல்க்கானாவுக்குத் தெரிந்து, அவன் சம்மதத்தோடு நடந்தது. பிள்ளை ஆலயத்திலேயே வளர்ந்த பிறகும் கர்த்தர் தாமே அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். கூப்பிட்டது யார் என்று பையனுக்குத் தெரியவில்லை. மூன்று தரம் எழுந்து கிழவர் ஏலியிடம் ஓடுகிறான். ஏலிக்குப் புரிந்து, இன்னாரென்று சொல்லிக் கொடுத்த பிறகுதான் அவனுக்கு விளங்குகிறது. தாயின் பொருத்தனை அவனை ஆலயம் வரைக்கும் கொண்டுவந்தது. அவனைத் தீர்க்கதரிசி ஆக்கினது வேறு.

லேவியராகமம் 27ஆம் அதிகாரத்தை எந்தக் கன்வென்ஷனிலும் வாசித்து நான் கேட்டதில்லை. ஒருவர் இன்னொரு ஆளையே பொருத்தனையாக நேர்ந்துகொண்டால் என்ன செய்வது என்று அங்கே சட்டம் இருக்கிறது. ஆளுக்குப் பதிலாக வெள்ளி கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். ஒரு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குள் இருக்கிற ஆண்பிள்ளைக்கு மதிப்பு ஐந்து சேக்கல். நேர்ந்தவர் ஏழையானால் ஆசாரியன் அவருடைய சக்திக்குத் தக்கபடி குறைத்து மதிக்க வேண்டும். இதை ரூபாயில் போட்டுக் கணக்குப் பார்க்காதீர்கள், நாம் அந்தச் சட்டத்தின் கீழ் இல்லை. பெற்றவர்கள் கண்ணீரில் சொன்ன வார்த்தை ஒரு குடும்பத்தை நசுக்கிவிடக் கூடாது என்று மோசேயின் சட்டத்துக்கே அக்கறை இருந்தது, அதைக் காட்டத்தான் சொல்கிறேன்.

பொருத்தனை விஷயத்தில் நம் லூத்தரும் அடிபட்டவர். 1505 ஜூலையில் ஸ்டொட்டர்ன்ஹைம் என்ற ஊர்ப் பக்கம் இடி மின்னலில் மாட்டிக்கொண்டு, மரியாளின் தாய் என்று சொல்லப்படும் புனித அன்னாளைக் கூப்பிட்டு, ‘நான் சந்நியாசி ஆகிறேன்’ என்று பயத்தில் நேர்ந்துகொண்டார். அப்பா ஹான்ஸ் லூத்தர் சுரங்கத் தொழில் செய்தவர், மகனை வக்கீலாக்கப் படிக்க வைத்துக்கொண்டிருந்தவர், கடும் கோபத்தில் இருந்தார். மகன் குருவாகி முதல் பூசை வைத்த அன்று விருந்தில் உட்கார்ந்தபடியே, அந்த இடி பிசாசின் வேலையாக இருக்காதென்று என்ன நிச்சயம், தாய் தகப்பனைக் கனம்பண்ண வேண்டும் என்று நீ படித்ததில்லையா என்று கேட்டுவிட்டார். அது மகனுக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. 1521இல் துறவறப் பொருத்தனைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, அதை அப்பாவுக்கே சமர்ப்பித்து, நீங்கள் கேட்டது சரிதான் என்று ஒப்புக்கொண்டார். பயத்தில் சொன்ன வார்த்தையால் கடவுளிடம் நல்ல பெயர் வாங்க முடியாது, கிறிஸ்து ஏற்கெனவே வாங்கிக் கொடுத்துவிட்டார் என்பதுதான் அந்தப் புத்தகத்தின் சாரம்.

கை முறிந்ததற்கு வருவோம். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று ஆண்டவர் கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்லிவிட்டார். அதற்கு மேல் அந்தப் பிரசங்கியாருக்கு என்ன தெரியும் என்று எனக்குப் புரியவில்லை. மழைக்காலத்தில் நம் ரோட்டில் விழாதவன் யார்?

சரி, இனி உங்கள் கேள்விக்கு. சுவிசேஷத்தில் உங்களைப் போலவே அரசாங்க வசூலில் இருந்த இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவன் லேவி. ஆயத்துறையில் உட்கார்ந்திருக்கிறான், ஆண்டவர் வந்து ‘எனக்குப் பின்சென்று வா’ என்கிறார், எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுந்து போகிறான். கன்வென்ஷன் மேடைகளில் நமக்குக் காட்டுவதெல்லாம் இவனைத்தான். இன்னொருவன் எரிகோவூர் சகேயு. சும்மா ஆயக்காரன்கூட இல்லை, ஆயக்காரருக்குத் தலைவன். ஆண்டவர் அவன் வீட்டில் தங்கினார். அவன் எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கினது ஏதாவது இருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று ஆண்டவர் சொல்கிறார். வேலையை விடு என்று ஒரு வார்த்தை இல்லை. என்னோடு வா என்றும் இல்லை. அவர் எருசலேமுக்குப் போய்விட்டார், சகேயு எரிகோவிலேயே இருந்துவிட்டான். மறுநாள் காலையில் அவன் அதே ஆயத்துறைக்குப் போய் அதே ஆட்களிடம் எப்படி வரி வாங்கியிருப்பான் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. லேவி விட்டுப் போனதைவிட அது கஷ்டமான காரியம்.

அதற்கு முன்னால் யோர்தான் கரையில் யோவான் ஸ்நானகனிடமும் ஆயக்காரர்கள் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். குறித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்றார். போர்ச்சேவகர் கேட்டார்கள். யாரையும் மிரட்டிப் பிடுங்காதீர்கள், பொய்க் குற்றம் சாட்டாதீர்கள், சம்பளம் போதும் என்று இருங்கள் என்றார். வனாந்தரத்தில் வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் தின்று வாழ்ந்த ஒரு முழுநேர ஊழியக்காரர், தன்னைப் போல வாருங்கள் என்று ஒருவரையும் கூப்பிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

லூத்தருக்கும் உங்கள் கேள்வி மாதிரி ஒன்று வந்தது. அசா ஃபான் கிராம் என்ற படைவீரருக்கு மனச்சாட்சி உறுத்தல்: இத்தனை பேரைக் கொல்கிற தொழிலில் இருந்துகொண்டு நான் இரட்சிக்கப்பட முடியுமா என்று. 1526இல் லூத்தர் ஒரு சின்னப் புத்தகமே பதிலாக எழுதினார். அதில் அவர் முதலில் செய்வது, பதவியையும் அதில் உட்கார்ந்திருக்கும் ஆளையும் பிரிப்பது. பதவி நல்லதாக இருக்கலாம், ஆள் அதைக் கெடுக்கலாம். ஆள் கெட்டதால் பதவியின் மேல் பழி போடக் கூடாது, பதவி நல்லது என்பதால் ஆளும் தப்பிக்க முடியாது. இதை உங்கள் தாலுகா ஆபீஸில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். எல்லையை அளந்து கல் நடுவது தேவனுக்குப் பிரியமான வேலை. பிறனுடைய எல்லைக்குறியைத் தள்ளி வைக்கிறவன் சபிக்கப்பட்டவன் என்று உபாகமத்தில் சாபமே இருக்கிறது. அந்தச் சாபம் ஊரில் விழாமல் காக்கிற ஆள் நீங்கள். ஒரு விதவையின் கால் காணி வயலுக்கும் பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் நடுவில் நேராக ஒரு கல் நிற்கிறது என்றால், கடவுள் அந்த விதவைக்குக் கொடுக்கும் அன்றாட அப்பம் அந்தக் கல் வழியாகத்தான் வருகிறது. அன்றாட அப்பம் என்றால் சோறு மட்டும் இல்லை, வீடு, நிலம், நல்ல அதிகாரி, நல்ல அரசாங்கம், நல்ல அயலகத்தார் எல்லாம் அதில் அடக்கம் என்று திடப்படுத்தல் வகுப்பில் ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்தோமே, நினைவிருக்கிறதா? அந்தப் பட்டியலில் நீங்கள் இருக்கிறீர்கள்.

வடக்கே மிஷனரியாக இருந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன். ஜார்க்கண்டில் லுத்தரன் சபை பிறந்த கதை 1845இல் தொடங்குகிறது. பெர்லினிலிருந்து கோஸ்னர் என்ற போதகர் அனுப்பிய நான்கு பேர் அந்த வருடம் நவம்பரில் ராஞ்சிக்கு வந்து சேர்ந்தார்கள். கோஸ்னருக்குப் படிப்பாளிகளைவிடக் கைத்தொழில் தெரிந்தவர்களை அனுப்புவதில் நம்பிக்கை அதிகம். உழைத்துச் சாப்பிட்டுக்கொண்டே சாட்சி சொல்லட்டும் என்பது அவர் எண்ணம். 1850 வரை அங்குள்ள உராவோன் பழங்குடியில் ஒருவர்கூட ஞானஸ்நானம் எடுக்கவில்லை. அப்புறம் சபை பெருகியது. அந்த மக்களுக்கு உயிர் போகிற பிரச்சினை நிலம்தான். ஜமீன்தாரும் வட்டிக்காரரும் காடு வெட்டித் திருத்திய வயல்களைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார்கள். கிறிஸ்தவரானவர்களும் மற்ற முண்டா, உராவோன் மக்களும் தலைமுறை தலைமுறையாக மனு எழுதிப் போராடினார்கள். 1908இல் வந்த சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம், பழங்குடி நிலம் வெளியாருக்குப் போவதற்குக் கட்டுப்பாடு போட்டது. சட்டம் வந்தாலும் அதைத் தரையில் அளந்து காட்ட ஆள் வேண்டுமே.

அங்கே சர்வேயரை அமீன் என்பார்கள். நான் இருந்த பக்கத்தில் சபை மூப்பர் ஒருவர் ரிட்டையர்டு அமீன், உராவோன். சனிக்கிழமை ஆனால் அவர் வீட்டுத் திண்ணையில் கூட்டம் இருக்கும். பாலிதீன் பையில் சுருட்டி வைத்த பழைய கதியானை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, ஒவ்வொருவராக எடுத்து நீட்டுவார்கள். ஓரம் கரையான் அரித்து, மடிப்பில் மடிப்பில் கிழிந்து, அரிசி கஞ்சி வைத்து ஒட்டியிருக்கும். துணி ஒட்டிய கிராம வரைபடத்தைத் தரையில் விரித்து, நாலு மூலையிலும் கூழாங்கல் வைத்து, பித்தளை அளவுகோலை வைத்து அவர் எண்ணை வாசிப்பார். அவர்கள் என்னிடம் ஜெபம் கேட்டு வந்தார்கள், அவரிடம் வயலின் விளிம்பைக் கேட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் வேதம் வாசிக்க எழுந்தால் சபையில் குழந்தைகூடச் சத்தம் போடாது. அவருடைய அளவுச் சங்கிலி யாருக்காகவும் நீளவும் இல்லை, குறையவும் இல்லை என்று அத்தனை பேருக்கும் தெரியும். என் பிரசங்கத்துக்கு அந்த மரியாதை கிடைக்க வெகுகாலம் ஆனது, முழுசாகக் கிடைத்ததென்றும் சொல்ல மாட்டேன். அந்த மனிதர் சர்வீஸில் இருக்கும்போது வேலையை விட்டுவிட்டு என்னைப் போல ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தால், அந்த வட்டாரத்துக்கு ஒரு பிரசங்கியார் கூடியிருப்பார், ஒரு நேர்மையான சங்கிலி குறைந்திருக்கும்.

அப்படியானால் லேவிகளே இல்லையா? இருக்கிறார்கள். யார் லேவி, யார் சகேயு என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் கேள்வி. நம் சபை இதற்கு வைத்திருக்கும் பதில் உணர்ச்சிவசப்படாத பதில், அதனால் மேடையில் எடுபடாது. 1530இல் எழுதிய அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 14ஆம் பிரிவு மிகச் சின்னது. முறையாக அழைக்கப்படாமல் ஒருவரும் சபையில் வெளிப்படையாகப் போதிக்கவோ திருவருட்சாதனங்களைக் கொடுக்கவோ கூடாது என்கிறது. அழைப்பு வெளியிலிருந்து வர வேண்டும். எனக்கு உள்ளே ஒரு துடிப்பு இருக்கிறது என்பது மட்டும் போதாது. துடிப்பு காய்ச்சலிலும் வரும்.

நம் ஊருக்கு வந்த முதல் லுத்தரன் மிஷனரியைப் பாருங்கள். பர்த்தலோமேயு சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு விண்ணப்பம் போட்டு வந்தவர் அல்ல. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் ஆள் தேடினார், பெர்லினில் இருந்த ஆசிரியர் ஒருவர் பெயர் கொடுத்தார். உடம்பு சரியில்லாத, தாய் தகப்பனை இளமையிலேயே இழந்த, தன் தகுதியில் சந்தேகம் கொண்ட ஒரு வாலிபர். தயங்கினார். மற்றவர்கள் அழைத்தார்கள், பரீட்சை வைத்தார்கள், 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் குருப்பட்டம் கொடுத்தார்கள், 1706 ஜூலை 9 அன்று இங்கே வந்து இறங்கினார். இரண்டரை வருடம் ஆவதற்குள்ளேயே அங்கிருந்த டேனிஷ் கவர்னரோடு முட்டிக்கொண்டு நாலு மாதம் காவலில் கிடந்தார். அந்த நாலு மாதத்தில் ‘நான் ஆசைப்பட்டு வந்தேன்’ என்பது மட்டும் கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று தெரியாது. ‘நான் அனுப்பப்பட்டேன்’ என்பது கையில் இருந்தது.

அதே தரங்கம்பாடி மிஷனில் இன்னொரு வகை ஆளும் இருந்தார். இராசநாயக்கன் தஞ்சாவூர் அரசரின் படையில் சேவகம் செய்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ச் சுவிசேஷம் கைக்கு வர, அதை வாசித்து மனம் மாறியவர். உடனே வாளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவரவில்லை. படையில் இருந்தபடியே கூட இருந்தவர்களுக்கு வாசித்துக் காட்டினார், பேசினார். மிஷன்காரர்கள் அதைப் பார்த்து, பிற்பாடு அவரை உபதேசியாராக வைத்தார்கள். ஆரோன் ஐயரும் பல வருடம் உபதேசியாராக நடந்து தேய்ந்த பிறகுதான் 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்று முதல் தமிழ் லுத்தரன் போதகரானார். உங்கள் சபையில் நீங்கள் இப்போது என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வரிகூடக் கடிதத்தில் இல்லை. ஞாயிறு பள்ளி எடுக்கிறீர்களா, ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களைப் போய்ப் பார்க்கிறீர்களா? கேட்டுத்தான் ஆக வேண்டும். சபையார் உங்களிடம் அந்த வரத்தைப் பார்த்து, குருத்துவ வேலைக்கு நீங்கள் வேண்டும் என்று அவர்களே சொல்லி, சபை ஐயரும் பேராயரும் பரிந்துரைத்து, கீழ்ப்பாக்கம் குருகுல் மாதிரி ஓர் இறையியல் கல்லூரிக்கு அனுப்புகிற நாள் வந்தால், நானே வந்து உங்களை ரயிலேற்றிவிடுகிறேன். அதுவரை கன்வென்ஷனில் எழுந்து நின்றதை நல்ல ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசை பாவமில்லை, ஆனால் அது அழைப்புக் கடிதமும் இல்லை.

அவனவன் அழைக்கப்பட்ட நிலைமையில் நிலைத்திருக்கக்கடவன் என்ற பவுலின் வசனத்தை நம் லுத்தரன்கள் ரொம்பவே எடுத்துப் பேசுவோம். பேசும்போது எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. கடவுள் கொடுத்த இடத்தில் இரு என்பதை நம் நாட்டில் யார் யாருக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பிறந்த சாதியின் தொழிலே கடவுள் கொடுத்த தொழில் என்று சொன்ன மண் இது. நம் சபையும் அதில் கை சுத்தமானதில்லை. தரங்கம்பாடிக் கோயிலிலேயே சாதிவாரியாகத் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கண்டிப்பாக எழுதியபோது, அது பிடிக்காமல் வெளியேறிய பலர் பின்னால் வந்து சேர்ந்த இடம் நம் லைப்சிக் மிஷன் சபைகள்தான். சாதி ஒரு சமூக ஏற்பாடு, மெல்ல மாறட்டும் என்று நம் ஆட்கள் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். இந்த வரலாற்றை மறைத்துக்கொண்டு நான் யாருக்கும் ‘இருக்கிற இடத்தில் இரு’ என்று ஆலோசனை சொல்ல மாட்டேன். பவுலே அடுத்த வசனத்தில், அடிமையாக இருக்கிறவனுக்கு விடுதலையாக வழி கிடைத்தால் அதைப் பயன்படுத்திக்கொள் என்கிறார். மலம் அள்ளுகிறவரிடமும் கொத்தடிமையாக இருப்பவரிடமும் போய் இது உன் அழைப்பு என்று சொல்கிறவன் சுவிசேஷத்தைச் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்வது வேறு. நீங்கள் பரீட்சை எழுதிப் பெற்ற வேலை, அயலானுக்கு உதவுகிற வேலை, யாரையும் கேவலப்படுத்தாத வேலை. அதை விட்டு ஓட வைப்பது அந்த வேலையே அல்ல, அதில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒன்று.

மனைவி கீழ்ப்படிய வேண்டும் அல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தில் நீங்கள் எடுத்துக்கொண்டது 22ஆம் வசனம். 21ஐயும் 25ஐயும் வாசியுங்கள். ஒருவருக்கொருவர் கீழ்ப்படிவதும், கிறிஸ்து சபைக்காகத் தம்மைக் கொடுத்தது போல மனைவிக்காகத் தன்னைக் கொடுப்பதும் அங்கே இருக்கிறது. வசனத்தைத் தடியாக எடுத்துக்கொண்டு மனைவியின் முன் நிற்பது வீட்டுத் தலைவன் செய்கிற காரியம் இல்லை. லூத்தர் தம் மனைவி கத்தரீனாவை வேடிக்கையாக ‘திருவாளர் கேட்டி’ என்று கூப்பிடுவார். மாடு, பன்றி, தோட்டம், பீர் வடிப்பது, வீட்டில் தங்கிப் படிக்கும் மாணவர்களின் சாப்பாடு என்று அந்த அம்மாள்தான் வீட்டை நடத்தினார். தகப்பன் குழந்தையின் பீத்துணி துவைப்பதைப் பார்த்து ஊர் சிரிக்கலாம், தேவன் தூதர்களோடு அவனைப் பார்த்து மகிழ்ந்து சிரிக்கிறார் என்று அதே லூத்தர் 1522இல் எழுதினார். உங்கள் ஒன்றரை வயதுப் பையனுக்கு நீங்கள் ஒருவர்தான் அப்பா. அந்தப் பதவிக்கு வேறு ஆள் போட முடியாது. வேலையை விட்டு நீங்கள் ஊர் ஊராகப் போனால், அந்தப் பொருத்தனைக்கு விலை கொடுப்பது தன் டீச்சர் சம்பளத்தில் மட்டும் குடும்பம் நடத்தப் போகிற உங்கள் மனைவிதான். அவரிடம் கேட்காமல் எழுதின ராஜினாமா எப்படிச் செல்லும்?

இப்போது அந்த வரிகள்.

‘எல்லாரும் வாங்குகிற இடத்தில்’ என்று எழுதிவிட்டு, நீங்கள் வாங்குகிறீர்களா என்று தெளிவாக எழுதவில்லை. வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். ஊழியத்துக்கு வந்தால் அது தீரும் என்று யார் சொன்னது? அங்கே மேசைக்கு அடியில் கவர் வரும், இங்கே ஜெபம் பண்ணிக் கையில் கவர் கொடுப்பார்கள், ரசீது இரண்டு இடத்திலும் கிடையாது. எந்தச் சபையின் கணக்குக்கும் உட்படாத தனி ஊழியம் என்றால் இன்னும் ஆபத்து. வேதாகமத்தைத் தமிழில் அவ்வளவு அழகாக மொழிபெயர்த்த ஃபாப்ரிசியஸ் ஐயர்கூடச் சென்னையில் பிறருடைய பணத்தை வாங்கிக் கொடுக்கல் வாங்கலில் இறங்கி, கடன்பட்டு, கிழவயதில் சிறைக்குப் போனார். அவர் திருடவில்லை, பாவம். பணத்தைக் கையாளும் விதம் தெரியாத ஒருவர் ஊழியத்துக்கு வந்ததால் அது தெரிந்துவிடுவதில்லை.

ஆகவே சகேயு செய்ததைச் செய்யுங்கள். வாங்கினதை இரண்டாகப் பிரியுங்கள். வேலையைச் சீக்கிரம் முடித்துக் கொடுக்க வாங்கினது ஒன்று. அளவை மாற்ற வாங்கினது இன்னொன்று. இரண்டாவது வகை இருந்தால், ஒரு கல்லாவது காசுக்காகத் தள்ளி நடப்பட்டிருந்தால், அதுதான் முதலில் சரிசெய்ய வேண்டியது. மறு அளவைக்கு வழி உண்டு, உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த வயல்காரர் இன்றைக்கும் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருக்கலாம். முதல் வகையில், யாரிடம் வாங்கினோம் என்று நினைவிருக்கிறவர்களிடம் திருப்பிக் கொடுங்கள். கூச்சமாக இருக்கும், இருக்கட்டும். ஆள் தெரியாததை ஏழைகளுக்குக் கொடுங்கள். அந்தப் பணத்தைக் காணிக்கைத் தட்டில் மட்டும் போடாதீர்கள், எங்களுக்கு வேண்டாம்.

இனி வாங்காமல் இருப்பதற்கு பெரிய அறிவிப்பெல்லாம் தேவையில்லை. அளக்கப் போகும் அன்று மனுதாரர் அனுப்பும் காரில் ஏறாதீர்கள், உங்கள் பைக்கிலேயே போங்கள். சாப்பாட்டைக் கையில் கட்டிக்கொண்டு போங்கள், பிரியாணியில்தான் எல்லாம் தொடங்குகிறது. கட்டணம் கட்டின ரசீதைக் காட்டி, இதற்கு மேல் ஒன்றும் கிடையாது என்று மனுதாரரிடமும் பக்கத்து வயல்காரரிடமும் ஒன்றாகச் சொல்லுங்கள். இரண்டு பேர் காதிலும் விழ வேண்டும். ஆபீஸில் கேலி பண்ணுவார்கள். மேலே பங்கு போகவில்லை என்றால் தூரமாக மாற்றிப் போடுவார்கள். சிலுவையைத் தேடி மடத்துக்குப் போக வேண்டாம், அவனவன் அழைப்பில் நேர்மையாக நின்றால் அது தானே வந்து சேரும் என்பது லூத்தரன் போதனை. மாற்றல் ஆணை வந்தால் மனைவியோடு உட்கார்ந்து படியுங்கள். இந்தப் பாரத்தை அவரிடம் நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அவர் பயப்படுவது உங்கள் ஊழியத்துக்கா, நீங்கள் எதற்கோ ஓடுகிறீர்கள் என்று தெரிந்தா என்பதும் அப்போது விளங்கும்.

தனி பாவ அறிக்கையை நம் சபை ஒழித்துவிடவில்லை, அவுக்ஸ்பர்க் அறிக்கையின் 11ஆம் பிரிவு அதை வைத்திருக்கிறது. யாரும் கேட்காததால் ஐயர்மார்களும் மறந்துவிட்டார்கள். உங்கள் சபை ஐயரிடம் போய், நான் பாவ அறிக்கை செய்ய வேண்டும் என்று அதே வார்த்தையில் கேளுங்கள். அவரிடம் தயக்கம் என்றால் என்னிடம் வாருங்கள். கேட்டதை நாங்கள் எங்கும் சொல்ல முடியாது. மன்னிப்பு முதலில் வருகிறது, திருப்பிக் கொடுப்பது அதற்குப் பின். சகேயு வீட்டிலும் ஆண்டவர் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் அவன் கணக்கைத் திறந்தான்.

அம்மாவிடம் தனியாகப் பேசாதீர்கள், மனைவியையும் ஐயரையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். விவாதம் பண்ண வேண்டாம், லேவியராகமத்தையெல்லாம் அவர்களிடம் எடுக்க வேண்டாம். உங்கள் காய்ச்சல் இரவில் அந்த அம்மா என்ன பயந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அன்றிலிருந்து, சொன்ன வார்த்தையைக் காப்பாற்றவில்லை, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்திலேயே இருந்திருக்கிறார்கள். கை முறிந்ததும் உங்களைவிட அவர்கள்தான் நடுங்கியிருப்பார்கள். பாவமன்னிப்பின் வார்த்தையை ஐயர் அவர்கள் தலைமேல் கைவைத்துச் சொல்லட்டும், அந்தப் பொருத்தனையை அவர்கள் பெயர் சொல்லி இறக்கி வைக்கட்டும். கோயிலுக்கு வர முடியாத உடம்பானால் நற்கருணையையும் அன்றைக்கே வீட்டில் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்களும் உங்கள் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து வாங்குங்கள்.